பி ஐந்தில் உட்கார்ந்த பிஷப்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதோடு நின்றவனுக்குப் பேனா பிடிப்பதே பெரிய வேலை. ஆனால் போன வாரம் அடையாறு சிக்னலில் அவனைப் பார்த்தேன். புது பைக், பின்னால் ஆபீஸ் பை. இரண்டு வருடம் ஆகியும் எனக்கு வயிறு எரிந்தது. சரி, எழுதியாவது தீர்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவன் எஞ்சினியரிங் காலேஜ். நான் மயிலாப்பூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. குளத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த செஸ் கிளப்பில் இரண்டு பேரும் ஆடினோம். கிளப் டீமில் நாலு நாற்காலி. மூன்றில் பழைய தலைகள் நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதுக்குத்தான் எனக்கும் அவனுக்கும் போட்டி.

முதல் வருடம் செலக்‌ஷன் கடைசி ரவுண்டில் எனக்கு டிரா போதும். கட்டத்தில் கோணலாக நின்ற என் ராஜாவை நேராக வைத்தேன். அப்படித் தொடுவதற்கு முன் 'அட்ஜஸ்ட்' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்தியாக வேண்டும். நான் சொன்னேன். அவனுக்கும் கேட்டது. ஆனாலும் நடுவராக இருந்த ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, நான் வாயே திறக்கவில்லை என்று முகம் மாறாமல் சாதித்தான். ஆர்பிட்டர் அவனைத்தான் நம்பினார். ராஜாவை நகர்த்தினேன். எட்டே மூவில் ஆட்டம் போயிற்று, நாற்காலியும் போயிற்று. கை குலுக்கும்போது அவன் சொன்னான்:

"ஓப்பனிங் புக்கெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குப்பா. உனக்கு கேரம் போர்டு போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்த நாற்காலியை வாங்காமல் விடக்கூடாது, அதுவும் அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி வாங்க வேண்டும் என்று.

அடுத்த வருடம் தி. நகர் ஹோட்டல் ஒன்றில் பெரிய டோர்னமெண்ட் வந்தது. வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்கள், அவர்களோடு நாங்கள் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு சாம்பியன். ஒவ்வொரு நாள் ஆட்டங்களையும் டைப் அடித்து, ஸ்டென்சிலில் ஓட்டி, மறுநாள் காலை புல்லட்டினாகக் கொடுப்பார்கள். டைப் அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஏ முதல் எச் வரை எட்டு எழுத்து, ஒன்று முதல் எட்டு வரை எண். இதற்கு என் இங்கிலீஷ் தாராளம்.

அவன் தினமும் முதல் ஆளாக வந்து புல்லட்டின் வாங்குவான். ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஓப்பனிங்கை ஒப்பிப்பான். ஏன் அந்த மூவ் என்று கேட்டால் தெரியாது. சாம்பியன் ஆடினார், அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் சாம்பியனின் ஆட்டம் என் மேஜைக்கு வந்தது. அவர் வெள்ளை, எதிராளி ஆடியது சிசிலியன் ஓப்பனிங். பதினெட்டு மூவில் டிரா. ஒன்பதாவது மூவில் பிஷப்பை பி மூன்றுக்கு இழுத்திருந்தார். அதற்கப்புறம் அந்த பிஷப் அசையவே இல்லை. எனக்கு அது போதும். மூன்றை அடிக்கிற இடத்தில் ஐந்தை அடித்தேன். பி ஐந்தில் நின்றால் கறுப்பின் சிப்பாய் ஒன்று அதைச் சும்மா வெட்டிவிடலாம். ஆனால் புல்லட்டின்படி கறுப்பு வெட்டாமல் ராணியை நகர்த்துகிறது. படிக்கிறவனுக்கு அது ஏதோ பெரிய ஆழம் மாதிரி தெரியும்.

அடுத்த மாதமே அவன் கிளப்பில் அதை ஆடினான். எதிரில் தபாலாபீஸ் மாமா. வெட்டப்போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். மாமாவும் புல்லட்டின் படித்தவர். அரை மணி நேரம் யோசித்து, சாம்பியனே வைத்த பிஷப்பை வெட்ட பயந்து, ராணியை நகர்த்தினார். அவன் ஜெயித்தான். அடுத்த வாரம் இன்னொருவரையும் அப்படியே ஜெயித்தான். என் கையால் அடித்த எழுத்தை வைத்து என் எதிரி மாலை வாங்குகிறான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பில் என்னோடு ஆடிக்கொண்டிருந்த நொச்சிக்குப்பத்து நண்பன் ஒருவன் வடபழனியில் ஒரு செஸ் போட்டிக்குப் போனான். முதல் மூன்று இடத்துக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்று பேச்சு. கடைசி ரவுண்டில் ஒரு ஸ்கூல் பையனிடம் தோற்று நாலாவதாக வந்தான். எப்படித் தோற்றாய் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினான். என் கவனமும் அதில் இல்லை.

செலக்‌ஷன் வந்தது. கடைசி ரவுண்டு மறுபடி அவனும் நானும். இந்த முறை டிரா அவனுக்குப் போதும். நான் ஜெயித்தாக வேண்டும். ஒன்பதாவது மூவில் பிஷப்பை பி ஐந்தில் வைத்து, திருகாணி மாதிரி ஒரு திருகு திருகினான். நான் உடனே தொடவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வெட்டுப்பட்ட ஒரு சிப்பாய் போக மிச்சமிருந்த என் காய்கள் பதினைந்தையும் ஒவ்வொன்றாக நேராக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆர்பிட்டருக்குக் கேட்கிற மாதிரி, "அட்ஜஸ்ட்."

அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "சாம்பியன் ஆடினதுப்பா இது."

"நீ சாம்பியன் இல்லியே நைனா," என்று சொல்லி வெட்டினேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மனதுக்குள் புல்லட்டினைப் புரட்டினான். அதில் கறுப்பின் பதில் அப்படி இல்லை. முப்பதாவது மூவில் கை நீட்டினான். குலுக்கும்போது சொன்னேன்: "கேரம் போர்டு கிளப்லயே கீதுப்பா. பவுடர் மட்டும் வாங்கினு வா."

அதற்கப்புறம் கறுப்பு ஏன் வெட்டவில்லை என்று கேட்டு சாம்பியனுக்கே கடிதம் போட்டானாம், பதிலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிய கவரோடு. பதில் வரவில்லை. அவனுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லவும் மாட்டேன். தெரியாமலே அவன் மண்டை குடையட்டும்.

ஆனால் யாரிடமாவது பெருமை அடித்துக்கொள்ள வேண்டுமே. இதுவரை எழுதியதும் நொச்சிக்குப்பத்து நண்பனைத் தேடிப் போனேன். இப்போது அவன் ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தவனிடம், பின் சீட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். டீ, திருகாணி, அட்ஜஸ்ட் எல்லாவற்றுக்கும் அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கண்ணாடியைத் திருப்பி அதில் என்னைப் பார்த்தான்.

"வடபழனில நான் ஆடுனதும் அந்த மூவ்தான், மச்சி."