வடகடல் கருவாடு

கருவாடு பொரிகிற மணம் எழுந்ததும் மனைவி குசினிக் கதவைச் சாத்திவிடுவாள். ஜெர்மனியின் வுப்பர்டாலில் அடுக்குமாடி வீடு, மேலும் கீழும் ஆட்கள். எனக்கோ அந்த மணத்தோடு ஒரு காற்றும் வரும். முகத்தில் அறைகிற உப்புக் காற்று.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வடகடல் ஓரத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் போனேன். மனைவியும் மகளும் இங்கேயே. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். மரங்கள்கூட ஒரு பக்கம் சாய்ந்தே வளர்கிற ஊர். அங்கிருந்த ஒரே தமிழர் மன்னார் அந்தோனி அண்ணை. அதே தொழிற்சாலையில் பத்து வருசம், தனி ஆள். ஞாயிறுகளில் பூசைக்குப் போய்வந்து சமைப்பார். நான் சாப்பிடப் போவேன்.

மீனைப் பிளந்து உப்பிட்டு, உடுப்புக் கொடியில் காலுறைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்.

“இது வாடைக் காத்துமில்லை, சோளகக் காத்துமில்லை தம்பி. ஆனா கருவாட்டுக்கு இப்பிடிக் காத்து மன்னாரிலையும் இல்லை.”

குருவி விரட்டவா என்று பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசி கேட்டாளாம். ஓம் என்றுவிட்டார்.

ஆறாம் மாதம் மனைவி ஊரைப் பார்க்க வந்தாள். அண்ணை எங்களுக்காகத் தன் மேல்வீடு காலியா என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தார். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

“இஞ்சருங்கோ, இஞ்ச பிள்ளை ஆரோட தமிழ் கதைக்கிறது?” என்றாள் என்னிடம்.

“என்னோட கதைக்கட்டும்,” என்றார் அண்ணை, சோறு போட்டபடி. “ஆனா என்ரை தமிழ் மீனுக்குத்தான் விளங்கும்.”

சிரித்தாள். மேல்வீட்டைப் பார்க்க மட்டும் படியேறவில்லை. நிரந்தர வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்து வைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். பழியை அவள்மேல் போடுவது வசதி. அந்த நாலு மணி இருட்டுக்கு நானும்தான் பயந்திருந்தேன்.

இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. அண்ணையும் இல்லை, செய்தியே ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது. இடைப்பட்ட வருசங்களில் ஒரு தரமாவது போயிருக்கலாம். போகவில்லை. கடையில் வாங்குகிற கருவாட்டில் உப்பு இருக்கிறது, காற்று இல்லை.

அன்று நான் அந்த ஊரை விட்டு வந்தபோது, ரயில் மேடையில், நாலு பையால் சுற்றிய கருவாட்டுப் பொதியை அண்ணை கையில் தந்தார். விடைபெறும்போது எங்கள் ஆட்கள் எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. நானும் வாய்ப்பழக்கத்தில், “போயிட்டு வாறன் அண்ணை,” என்றேன்.

“போறன் எண்டே சொல்லு தம்பி,” என்றார். “வாறன் எண்டால், ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருக்கு உலை வைச்சிடுவன்.”