சத்தமில்லாத ஒற்றை வளையல்

என் மகள் மைமூனுக்கு நான்கு வயதில் ஒரே நாளில் பார்வை போனது. அதைத் திருப்பித் தந்தவன் அல்லாஹ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வளையல் வியாபாரம். வீடு கள்ளக்குறிச்சியில். மாதத்தில் பாதி நாள் பெட்டியைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலையில் ஊர் ஊராகத் திரிவேன். ஓர் இடத்தில் உட்கார எனக்கு வராது. தொழுகையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஊரில் இருந்தால் உண்டு.

அந்த ஐப்பசியில் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, பிள்ளைக்கு ஒரு வாரமாக ரத்தபேதி ஆகி அப்போதுதான் நின்றிருந்தது. ஆனால் முகம் வெளுத்து வீங்கியிருந்தது.

“ரெண்டு நாளா ஒண்ணுக்கே போவலங்க,” என்றாள் மனைவி. “குடிக்கிற தண்ணி எங்கதான் போவுதோ.”

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் மூன்று முறை வலிப்பு வந்தது. தெளிந்து கண்ணைத் திறந்தவள், “வெளக்கப் போடு அத்தா,” என்றாள். அப்போது பகல் பதினொரு மணி.

டாக்டரம்மா விளக்கினார். குடலில் புகுந்த கிருமியின் விஷம் ரத்த அணுக்களை உடைத்து, சிறுநீரகத்தை அடைத்து, இப்போது மூளையையும் தொட்டிருக்கிறது. கண்ணில் குறையில்லை, பார்ப்பதை அறியும் மூளையில்தான் கோளாறு. பார்வை வரலாம், வராமலும் போகலாம். வயிற்றில் குழாய் போட்டுக் கழிவை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

நான்காம் நாள் ஒரு கொத்து வளையலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். சட்டென்று கை நீட்டிப் பிடித்தாள். பார்வை வந்துவிட்டது என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா வந்து பார்த்தார்.

“பாய், கொழந்த சத்தத்தப் புடிக்குது. சத்தமில்லாம காட்டுங்க.”

ஒற்றை வளையலைக் காட்டினேன். ஒற்றை வளையல் சத்தம் போடாது. அவள் கை அசையவில்லை.

“மலையில பொம்பளைங்கள ஏமாத்தறது பத்தலயா பாய், டாக்டரம்மாவையும் ஏமாத்தப் பாக்கற,” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. நானும் சிரித்தேன். பிறகு கை கால் முகம் கழுவி ஒளூ செய்து, மாடிப்படியடியில் துண்டை விரித்தேன். நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் அழுதேன். ‘யா அல்லாஹ், ஊர் ஊராய் ஓடினவன் வந்திருக்கிறேன். அவள் கண்ணைத் தா.’ அன்றிலிருந்து ஐந்து வேளையும் அதே இடம். தொழுதுவிட்டு வந்ததும் அதே ஒற்றை வளையல்.

முதலில் சிறுநீர் இறங்கியது, அரை டம்ளர். அதைப் பார்த்து என் மனைவி ஆனந்தத்தில் அழுதாள். பார்வை மட்டும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து வளையலைக் காட்டினேன். மைமூன் வளையல் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

“இன்னா அத்தா, ஒண்ணுதான் எடுத்தாந்தியா? பச்ச வாணாம். செவப்புல ஜாஸ்தியா குடு.”

என் கையில் இருந்தது பச்சை.

அவள் இடது கால் இன்றும் கொஞ்சம் இழுக்கும். மூன்று வருடம் வலிப்பு மாத்திரை தின்றாள். சிறுநீரகத்துக்கு இன்னும் பரிசோதனை உண்டு. அதை நான் மறைக்கவில்லை. என் பெட்டியில் நிறம் பிரித்து அடுக்குகிறவள் இப்போது அவள்தான்.

நான் இன்னும் மலையேறித் திரிகிறேன். ஆனால் வேளை வந்தால் பெட்டி இறங்கிவிடும். “பாய் தொழுவறாரு, கம்முனு இருங்கடி,” என்று வளையலுக்கு வந்த பெண்கள் காத்திருப்பார்கள்.

சகோதரர்களே, பிள்ளை படுத்துவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போதே அல்லாஹ்விடம் கேளுங்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் வாய்க்குள்ளேயே கேட்டாலும் போதும். அவனுக்குச் சத்தம் தேவையில்லை.