நடுவில் விட்ட இடம்

கிள்ளானில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்து, நாற்பது வயதில் பட்டம் வாங்கினேன். மகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், மகன் தொடக்கப் பள்ளியில் ஆறாம் ஆண்டு. இரவல் வாங்கிய பட்டமளிப்பு அங்கியை மறுநாளே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால், விழா முடிந்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம்.

எங்கள் வீட்டுச் சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படங்கள்தாம். பாலர் பள்ளி நிறைவு விழா, பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி. எல்லாம் நான் எடுத்தவை. காலரைச் சரிசெய்துவிட்டு விலகிக்கொள்வது என் வழக்கம்.

ஸ்டூடியோவிலும் கணவரையும் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தினேன். மகனின் காலரை இழுத்துவிட்டேன். போட்டோக்காரர் கேமராவில் குனிந்தபடி "ரெடியா?" என்றதும், என்னையறியாமல் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். விளக்கு பளிச்சென்று மின்னியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, பட்டம் வாங்குனது நீங்க. இங்க என்ன பண்றீங்க?"

கணவர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

"வீட்டுல ஒரு படத்துலகூட நீங்க இல்லம்மா. இதுலயாவது வந்து நில்லுங்க லா."

அடுத்த படத்தில் நடுவில் நின்றேன். போட்டோக்காரர் இரண்டையும் கழுவித் தந்தார். முதல் படத்தில் மூவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் பள்ளி விழாக்களில் யாரிடமாவது கேமராவை நீட்டி, "ஒன்னு எடுத்துக் குடுங்கண்ணே" என்று கேட்டுவிடுகிறேன். மகனின் காலரை இன்றும் சரிசெய்கிறேன். சரிசெய்துவிட்டு அங்கேயே நிற்கிறேன்.