அஞ்சலை குதிக்கவில்லை

பிளீச்சிங் பவுடர் வாடை அந்தக் கோடை முழுவதும் எங்கள் தலைமுடியை விட்டுப் போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், எண்ணெய் வைத்து இழுத்து வாரினாலும், சாப்பாட்டுத் தட்டின் மேல் குனியும்போது குப்பென்று மூக்கில் ஏறும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்து பல வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாத என் அம்மா, "ஆஸ்பத்திரி வராந்தா கணக்கா நாறுத" என்று என்னைத் தள்ளி உட்காரச் சொல்வாள்.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. மே மாதக் காலைகள் பெண் பிள்ளைகளுக்கு. நீச்சலுடை என்று எதுவும் கிடையாது, அண்ணன்மாரின் டவுசரும் தொளதொளவென்று தொங்கும் பழைய டீ-சர்ட்டும்தான். தீயணைப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், கழுத்தில் விசிலோடு எங்களுக்கு "மாஸ்டர்" ஆகியிருந்தார். கோடை முடிவில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு நடக்கும் ரிலே போட்டிக்கு அவர் நான்கு பேரைப் பொறுக்கினார். மாலதி, ஷீலா, நான், கடைசியாக நீந்த அஞ்சலை.

அஞ்சலை குவார்ட்டர்ஸ் பிள்ளை அல்ல. அருகிலிருந்த பருத்திப்பட்டுக் கிராமத்தில் காலங்காலமாகப் பயிர் வைத்த குடும்பம் அவளுடையது. பள்ளியில் என் பக்கத்து இடம் என்பதால் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். அண்ணன்களோடு சேர்ந்து வயல் கிணற்றில் நீச்சல் பழகியிருந்தாள். எங்கள் குளத்தை அவள் "தொட்டி" என்பாள், நாங்களும் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்வோம். ஆனால் மோட்டார் கொட்டகைச் சுவரிலிருந்து கிணற்றுக்குள் தலைகீழாகப் பாய்ந்து பழகிய அவள், அந்தத் "தொட்டி"யில் பாய்ந்தால் எங்களுக்கெல்லாம் வாய் அடைத்துப்போகும். பாய்ந்த இடத்திலிருந்து குளத்தில் பாதி தூரம் தாண்டித்தான் தலை தூக்குவாள். கை வீச்சில் அவள் எங்களைவிட ஒன்றும் பெரிதில்லை, அவளுடைய வேகம் முழுக்க அந்தப் பாய்ச்சலில்தான் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண் டவுசர் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்தது போதும் என்று அவள் அப்பா முடிவு செய்திருந்தார். மாஸ்டர் வீடு தேடிப் போய்ப் பேசினார். கடைசியில் அவள் அப்பா, "செயிச்சிக் கப்போட வந்தா அடுத்த வருசமும் அனுப்பறேன். இல்லன்னா இதோட உட்டுடணும்" என்றாராம். அஞ்சலை இதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் அவள்தான் குளத்தடியில் நின்றாள்.

முந்தைய வருடம் மழை பொய்த்திருந்தது. அஞ்சலை வீட்டுக் கிணறு அடிச்சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் பம்புசெட்டில் தண்ணீர் கொடுத்த அவள் அம்மா, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு அலைந்தாள். போட்டி முடிந்ததும் அந்த வருடத்துக்குக் குளத்தை மூடிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஊர்ப் பெண்கள், துணி துவைக்கவும் மாடு கழுவவுமாவது அந்தத் தண்ணீரைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கடைசிப் பந்தயம் முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள்.

போட்டியன்று விடியும் முன்பே வேலி ஓரமாகப் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. வீட்டு வேலைக்குத் திரும்பிப் போனவர்கள், யாரும் தள்ளி வைத்துவிடாதபடி குடத்துக்குள் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் ஏற ஏறப் பெண்கள் வேலியைத் தாண்டிக் குளக்கரைக்கே வந்து நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. போட்டிக்காகக் குளத்தை விளிம்பு வரை நிரப்பியிருந்ததால், ஒவ்வொரு முறை பிள்ளைகள் பாயும்போதும் தண்ணீர் அலைந்து கரையேறிச் சாக்கடைக்கு ஓடியது. "ஐயோ, போவுது பாரு" என்று பெண்கள் பதறினார்கள். முன்வரிசையில் நின்ற அஞ்சலையின் அம்மா, குதிக்க நின்ற பிள்ளைகளிடமெல்லாம் மெல்ல இறங்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எங்கள் ரிலே கடைசிப் பந்தயம். மாலதியும் ஷீலாவும் நன்றாக நீந்திக் கொடுத்தார்கள். மூன்றாவதாக நான் சுவரைத் தொட்டபோது அம்பத்தூர்ப் பள்ளிப் பெண்களைவிட ஒரு ஆள் நீளம் முந்தியிருந்தோம். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே அஞ்சலை முழங்கால் மடக்கிப் பாயத் தயாராக இருந்தாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அஞ்சல, மெல்லமா எறங்கும்மா. தண்ணி வீணாவுது."

அதட்டல் இல்லை. நிறைகுடத்தை இறக்கும் பிள்ளையிடம் சொல்வது போன்ற குரல். அஞ்சலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, சத்தமே இல்லாமல் இறங்கினாள். என் பக்கத்தில் தண்ணீர் அசையக்கூட இல்லை. அம்பத்தூர்ப் பெண் எங்களைத் தாண்டிப் பாய்ந்து போய்விட்டாள். அஞ்சலை உயிரைக் கொடுத்துத்தான் நீந்தினாள், ஒரு கை நீளத்தில் தோற்றோம்.

மாலதி அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா சொல்லிச்சிடி" என்று மட்டும் அஞ்சலை சொன்னாள். அதற்குள் அவள் அம்மா முந்தானையால் மகள் தலையைத் துவட்டியபடி, செயித்தீர்களா என்று எங்களைக் கேட்டாள். மாலதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அஞ்சலை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஈர டவுசரோடு வரிசையில் போய் நின்று, குடங்களை நிரப்பித் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, தோற்றபோது வராத அழுகை அப்போது வந்தது.

அவள் அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த கோடைக்கு அஞ்சலை வரவில்லை. அதற்கப்புறம் அவள் நீந்தி நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாவது முடித்ததும் திருநின்றவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இன்று அந்தக் குளத்தில் மண்ணைக் கொட்டி நிரவி இறகுப்பந்துத் தளம் போட்டிருக்கிறார்கள். அஞ்சலை வீட்டு வயல் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது, கிணறு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன மாதம் ஆவடி ஸ்டேஷனில் அவள் அம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தும் என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு, பேரப்பிள்ளைகள் கதையெல்லாம் சொன்னாள். ரயில் வரும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செயிச்சிருந்தா அவங்கப்பா அனுப்பியிருப்பாரு. எல்லாப் பொண்ணுங்களும் குதிச்சிதுங்க, இவ மட்டும் குந்தி எறங்குனா. ஏன்டின்னு கேட்டா, பயமா இருந்திச்சின்னா. கெணத்துல குதிக்கிற பொண்ணுக்கு இன்னாம்மா பயம்? இன்னிக்கி வரிக்கும் எனக்கு அது தாங்கல. நீ கூடத்தானே இருந்த, உனக்காச்சும் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன்.