கேர்னலுக்குள் பூட்டிய நீர்மட்ட டிரைவர்

1. விதானையார் குடையோடு வந்தது

வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானை கந்தப்போடி என் கடை வாசலுக்கு வந்தபோது சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது. குடையை மடக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை.

"தம்பி, உன்ட பெட்டி ஆருட பக்கம்? எங்கட பக்கமா, மீன்காரன்ட பக்கமா?"

நான் ஃபோன் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேன்.

"தண்ணிக்குள்ள வரம்பு தெரியுதில்ல கா. பயிர் தலை காட்டுதில்ல. உன்ட பெட்டி இன்னும் ஒரு சாண் குறைவு எண்டு நிக்குது. நாளைக்குக் கூட்டம். இதையே சொல்லிச்செண்டா எங்கட வட்டை முழுக்க அழுகும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பினால் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்குள் தண்ணீர் ஏறும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் அது கடலுக்கு ஓடும். வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள். மீன்காரர் பொறுக்கச் சொல்வார்கள், இறால் கடலோடு போய்விடும் என்று. தோணித்துறையில் ஒரு அளவுக் கம்பு நிற்கிறது. ஆனால் அதை எதிர்ப்பக்கத்தார் ஆட்டி வைத்ததாக இரண்டு பக்கமும் சொல்லும். அதனால் ஒரு திட்டத்தில் நீர்மட்டம் அளக்கும் பெட்டி வைத்தார்கள். பெட்டி குறித்த அளவைக் காட்டினால் வெட்டுவது என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டது. அந்தப் பெட்டியைக் கட்டியவன் நான்.

விதானையார் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. பயிருக்காக இந்த மனிசன் ஒரு சாண் கூட்டிச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார். நான் இருப்பது எதிர்க்கரையான எழுவான்கரையில், மீன்காரர் நடுவில்.

2. டிரைவர் எப்படி வந்தது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரேடியோ, பிறகு ஃபோன், பிறகு கம்ப்யூட்டர் என்று கையால் பழகினேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரே வரியைப் பத்துத் தரம் வாசிக்க எனக்கு வெட்கமில்லை. ஆட்களோடு பேசத்தான் வெட்கம்.

பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய போர்ட். குழாய்க்குள் இறக்கிய சென்சர் தண்ணீரின் அழுத்தத்தைச் சொல்லும். வாங்கித் தந்த சென்சரோடு பேசும் நிரல், டிரைவர் என்பார்கள், லினக்ஸின் கருவான கேர்னலில் இருக்கவில்லை. அதே மாதிரியான இன்னொரு சென்சரின் டிரைவரை எடுத்து, வரி வரியாக மாற்றி எழுதினேன். அதைக் கேர்னலின் டிரைவர் ஃபோல்டருக்குள் வைத்து, கேர்னலைக் கட்டும் குறிப்புகளான மேக்ஃபைலில் ஒரு வரியும் கேகொன்ஃபிக்கில் சில வரிகளும் சேர்த்தால், மெனுவில் நம்முடைய டிரைவரின் பெயர் வந்து நிற்கும். அங்கே 'எம்' கொடுத்தால் அது தனி மொடியூல். வேண்டும்போது ஏற்றலாம், கழற்றலாம். 'வை' கொடுத்தால் கேர்னலோடு ஒன்றாகிவிடும். கழற்ற முடியாது.

எங்கள் குழாய்க்கு ஏற்ற திருத்த அளவுகளை ஒரு சின்ன ஃபைலில் எழுதி மெமரி கார்டில் வைத்திருந்தேன். டிரைவர் எழும்பும்போது அதைப் படித்துக்கொள்ளும். நான் மொடியூலாகத்தான் கொடுத்தேன். கோடையில் கம்பும் பெட்டியும் ஒரே அளவைக் காட்டின.

3. இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம்

மழைக்குச் சற்று முன் எல்லோருக்கும் பெட்டியைக் காட்டினோம். திட்டத்தின் எஞ்சினியர் நிரோஜா மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கேள்விகளுக்குப் பதில் சொன்னா. நான் பின்னால் நின்று, ஒரு கட்டளையில் டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றிக் காட்டினேன். அதுதான் வினையாகிப் போனது.

மீனவர் சங்கச் செயலாளர் யோகன் எழும்பினான். அவனுக்கு உலகத்தில் எல்லோரும் மச்சான்.

"நில்லு மச்சான். இப்ப கழட்டினயே, அதுக்குப் பதிலா வேற ஒண்ட ஆரும் போட்டா?"

"போடலாம்" என்றேன்.

"கேட்டயளா? போடலாமாம்! நாளைக்கு வயல்காரர் ஒரு பொடியனப் புடிச்சு வேற ஒண்டப் போட்டா எங்கட இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும்."

"எங்களுக்கெங்க பொடியன்? உனக்கெண்டா மச்சானே இருக்கான்" என்றார் விதானையார் என்னைப் பார்த்து.

சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் டிரைவரைக் கழற்ற முடியாதபடி பூட்ட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

"மொடியூலா இருந்தா பிழை திருத்த லேசு, அண்ணை" என்றா மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இவையள் ரெண்டு பக்கமும் ஒண்டாக் கேக்கினம். இது திரும்பக் கிடைக்காது. செய்து விடுங்கோ."

'எம்'மை 'வை'யாக மாற்றி, கேர்னலைக் கட்டி, பெட்டியில் போட்டு, இரண்டு பூட்டுகளால் பூட்டினேன். திறப்பு ஒன்று விதானையாரிடம், ஒன்று யோகனிடம். இரண்டும் இல்லாமல் பெட்டி திறக்காது. பூட்டிய பிறகு கம்போடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

4. பதிவில் இருந்த வரி

விதானையார் போன பிறகு தோணித்துறைக்குப் போனேன். கம்பைப் பார்த்தேன், பெட்டியின் கண்ணாடியில் தெரிந்த இலக்கத்தைப் பார்த்தேன். ஒரு சாண் வித்தியாசம். கம்பின் அடியைக் காலால் தடவினேன். ஆட்டிய அடையாளம் இல்லை.

யோகனுக்கு ஃபோன் எடுத்து, திறப்போடு வரச் சொன்னேன்.

"என்னத்துக்கு மச்சான் என்னையும் இழுக்கிறாய்?"

"நான் தனியக் கை வெச்சா நாளைக்கு நீ வேற கதை கதைப்பாய்." எனக்கு அதுவே நீளமான பேச்சு.

யோகன், விதானையார், மிஸ் மூவரும் வந்தார்கள். இரண்டு பூட்டும் திறந்தன. மடிக்கணினியைப் பொருத்தி, பெட்டியை நிறுத்தி எழுப்பினேன். எழும்பும்போது கேர்னல் எழுதும் பதிவான லொக்கை நானும் மிஸ்ஸும் மேலிருந்து வாசித்தோம். நடுவில் நானே எழுதிய ஒரு வரி நின்றது. திருத்த ஃபைல் கிடைக்கவில்லை, பொது அளவை எடுக்கிறேன் என்று.

ஃபைல் கார்டில்தான் இருந்தது. ஆனால் டிரைவர் இப்போது கேர்னலோடு சேர்ந்து எழும்புகிறது. கார்டில் உள்ள ஃபோல்டர்கள் திறப்பது அதற்குப் பிறகு. கடை திறக்க முன்னமே வந்து சாமான் இல்லை என்று திரும்பிப் போனவன் மாதிரி, டிரைவர் ஃபைலைத் தேடிவிட்டு, சென்சர்காரன் கொடுத்த பொது அளவை எடுத்துக்கொண்டது. எங்கள் குழாய்க்கு அது ஒரு சாண் குறைவு.

"அப்ப ஆரும் கை வெக்கல்லயா?" விதானையாருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒருவரும் கை வைக்கக் கூடாதெண்டு நாங்கள் பூட்டினதாலதான் ஐயா இது வந்தது" என்றா மிஸ்.

"பழையபடி மொடியூலா விட்டா இப்பவே சரி" என்றேன்.

"ஒண்ணா, அது ஏலாது" என்றார்கள் விதானையாரும் யோகனும்.

இன்னொரு வழி இருந்தது. திருத்த ஃபைலையும் கேர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம். அதற்கு மெனுவில் ஒரு இடம் உண்டு. கடையில் வைத்துக் கட்டத் தொடங்கினேன். மாறியதை மட்டும் கட்டினால் சீக்கிரம் முடியும். விதானையார் விடவில்லை.

"அரைவாசியில இருந்து வேணாம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து செய். நான் பாக்கணும்."

அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். திரையில் வரிகள் ஓடின. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கதிரை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

"இந்த ஓடுற எழுத்துக்குள்ள என்னத்தையும் ஒளிச்சு வெக்க ஏலுமா தம்பி?"

"ஏலும்."

விதானையார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உண்மையைத்தான் சொல்லுறான்" என்றான் யோகன். "அதுதான் பயமாக் கிடக்கு."

முடிந்ததும் கார்டை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு விதானையார் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையில் கண் வைத்தபடி யோகன் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினான். அந்த இரண்டு பேரையும் ஒரே வண்டியில் நான் கண்டது அன்றைக்குத்தான்.

தோணித்துறையில் கார்டைப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியும் கம்பும் ஒரே அளவைக் காட்டின. வெட்ட வேண்டிய அளவு அது. யோகன் கம்பின் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினான். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"பெட்டி சொல்லிட்டுது. நான் என்னத்தச் சொல்ல?" என்றான். மறுநாள் கூட்டத்திலும் அதையே சொன்னான். முகத்துவாரம் வெட்டப்பட்டது. வாவியோரத்து வயல்கள் சில போனது போனதுதான். மிச்சப் பயிர் தலை தூக்கியது.

5. நான் அழித்த வரிகள்

அந்த மாரி முடிந்ததும், ஃபைல் இல்லாவிட்டால் பொது அளவை எடுக்கும் வரிகளை டிரைவரில் இருந்து அழித்தேன். திருத்த அளவு கிடைக்காவிட்டால், சென்சர் பேசாவிட்டால், பெட்டி எண் காட்டாது. வெறும் கோடு காட்டும். டிரைவர் எழுதும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வேலையில் யார் கை வைப்பார்கள் என்று பார்ப்பது சரி. அதற்கு முதல், ஒன்று கிடைக்காத இடத்தில் உங்கள் டிரைவர் தானாக என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அடுத்த மாரியில் ஒருநாள் விதானையார் ஃபோன் எடுத்தார்.

"தம்பி, உன்ட பெட்டி கோடு காட்டுது."

சென்சர் வயரை நண்டு கடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அதுக்கு இண்டைக்குத் தெரியாது போல" என்றார். "நான் கம்பப் பாக்கன். நீ ஆறுதலா வா."

கம்பைப் பார்க்கப் போகும்போது யோகனையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்.