தருமலிங்கத்தார் காப்பாற்றிய துண்டு

தருமலிங்கத்தாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன். சாராயம் தொடாதவர். கை சுத்தம். ஒரு பாவமும் செய்யாதவர். எதையாவது செய்தால்தானே பாவம்!

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ருவான்வெல்லைக்கு அப்பால் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் மருந்து கொடுத்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்கு அவர்தான் டாக்டரையா. காய்ச்சல் என்று போனால், கொயினாவா விளக்கெண்ணெயா என்று மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் தானாகவே விட்டுவிடும். கைராசிக்காரர் என்ற பெயரையும் இப்படியே வாங்கிவிட்டார் மனுஷன்.

அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் எவரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓடிப்போனவன் என்று பெயர் பதிவாகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். ஆசுபத்திரிக்குப் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். 1926இல் ஒரு வெள்ளிக்கிழமை துரை கொழும்புக்குப் புறப்பட்டார். போகும்போது வெறும் துண்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டு, அவசரமென்றால் பெயரை எழுதி அனுப்பும்படி இவரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை பால்வெட்டும் பழனியாண்டி ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி கருப்பாயிக்கு முதல் நாள் மாலையிலிருந்து பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது.

"கரவனெல்லை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும் டாக்டரையா. துண்டு குடுங்க சாமி!"

தருமலிங்கத்தார் துண்டை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"பொறு பழனியாண்டி. இருக்கிறது ஒண்டுதான். இதை உனக்குத் தந்திட்டு, பின்னேரம் இதைவிட அவசரமா ஒரு கேஸ் வந்தால் நான் என்ன செய்யிறது? யோசிச்சுத்தான் செய்யோணும்."

யோசித்தார். பத்து மணிக்கு யோசித்தார். பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தும் யோசித்தார். நான் வேலை செய்த ரப்பர் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, நான் மட்டும் என்னத்தைக் கிழித்தேன்?

இரண்டு மணிக்குப் பழனியாண்டி கெஞ்சுவதை நிறுத்தினான். "பேரு போனாப் போவட்டும்!" என்று கத்திவிட்டு, கம்பளியில் தூளி கட்டி, தம்பியும் அவனுமாக அவளைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டார்கள். கருப்பாயி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. காலையிலேயே வந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்று ஆசுபத்திரியில் சொன்னார்களாம்.

திங்கட்கிழமை துரை வந்ததும், தருமலிங்கத்தார் துண்டை மடிப்புக்கூட விழாமல் திருப்பிக் கொடுத்தார். துரை அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பழனியாண்டியின் பெயர் ஓடிப்போனவர்களோடு சேர்ந்தது.

அடுத்த வாரம் காம்பராவைக் காலிசெய்ய வந்த கருப்பாயி, சட்டி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக் காம்பரா வாசலில் நின்றாள்.

"ஐயா, அன்னிக்குப் பின்னேரம் என்னைய விட அவசரமா யாரும் வந்தாங்களா?"

தருமலிங்கத்தார் மீசையைத் தடவத் தொடங்கினார். எனக்குத் தெரியும். அன்றைக்குத் தலைவலி என்றுகூட ஒருவரும் வரவில்லை.