டாக்டர் கவனித்துவரும் பிரேக்

இரண்டு பூட்ஸ்கள். காலையில் எங்கள் வீட்டுவண்டி முகாமின் வரிசையில் நடக்கப் போகிறவர்கள் டெல்மர் ஹூப்ஸ்ட்ராவுக்குச் சொல்லும் வணக்கம் அந்த இரண்டுக்கும்தான். மீதி டெல்மர் தன் வீட்டுவண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். ஒரு கையில் சோப்புத் தண்ணீர், மறு கையில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. ஏர் பிரேக் குழாய்களின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவார். நுரை கட்டினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். தினமும் நுரை கட்டும்.

"என்ன டாக்டர், எப்படி இருக்கு?"

"கவலைப்பட ஒண்ணுமில்ல. கவனிச்சுட்டுதான் இருக்கேன்" என்று பூட்ஸ் பதில் சொல்லும்.

அயோவாவில் முப்பது வருடம் பல் பார்த்தவர். இப்போது எங்களைப் போல அவரும் குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் வண்டியை நிறுத்தி வெயில் காய்ந்துவிட்டு, ஏப்ரலில் மலைப்பாதை வழியாக ஊர் திரும்புகிற ஆள். வண்டி பழசு. சோபாவை மாற்றினார், டிவியை மாற்றினார், ஜன்னல் திரையை இரண்டு தடவை மாற்றினார். பிரேக் குழாய்கள் மட்டும் வண்டி பிறந்தபோது வந்தவை. புதுக் குழாய்கள், ரப்பர்கள், பின்சக்கர பிரேக் குடுவைகள் எல்லாம் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டுவதுபோல எடுத்துக் காட்டுவார். "மாட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டால், "வலிக்காத பல்ல யாராவது பிடுங்குவாங்களா?" என்பார்.

அவர் மனைவி லோரேன் அவருடைய பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள். அந்த வசனம் அவளுக்கு மனப்பாடம். "என் கடவாய்ப் பல்லையும் இப்படித்தான் கவனிச்சுட்டே இருந்தாரு. தங்கச்சி கல்யாணத்துல, கேக்கை வாயில வெச்சதும் ரெண்டாப் பொளந்துச்சு. பொண்ணை விட்டுட்டு எல்லாரும் என் வாயைத்தான் பாத்தாங்க."

மூன்று வருடத்துக்கு முன் மலை இறங்கும்போது பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. அடிவாரத்தில் வண்டி எப்படியோ நின்றது. லோரேன் இறங்கினாள். பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துவந்த சின்னக் காரை அவிழ்த்து, அதில் ஏறிக்கொண்டாள். அன்று முதல் எந்த ஊருக்குப் போனாலும் டெல்மர் வீட்டுவண்டியில், அவள் காரில். டெல்மரின் பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி பயணம் செய்கிறது.

"பேசிட்டே ஓட்டுறேன். திரும்பிப் பாத்தா பெட்டி" என்றார் ஒருநாள் என்னிடம். "'மெதுவாப் போ'ன்னு திட்டக்கூட ஆளில்ல." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது.

இந்த வருடம் லோரேன் கறாராகச் சொல்லிவிட்டாள். "கட்டிலுக்கு அடியில கிடக்கிறதெல்லாம் சக்கரத்துக்குப் போகணும். போனாத்தான் நான் உன்கூட வண்டியில வருவேன். இல்லேன்னா இந்தத் தடவை கார் உன் பின்னாடி வராது, நேரா என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும்."

டெல்மர் கட்டிலைத் தூக்கினார். சேதி பரவி எங்கள் வரிசை ஆண்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு ஸ்பேனர், ஆளுக்கு இரண்டு யோசனை. காற்று இல்லாத நேரத்தில் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது குடுவைக்குள் இருக்கும் முரட்டு ஸ்பிரிங். நீள போல்ட் போட்டு அதை அடக்காமல் குடுவையைக் கழற்றினால் ஆளையே தூக்கி அடித்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஸ்பிரிங்கை அடக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க எதுவுமில்லை, முதலில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். இதுவும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் கொடுக்கவில்லை.

கட்டைகள் இல்லாமலில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த இரண்டு கட்டைகள், 'டெல்மர் – லோரேன்' பெயர்ப்பலகை காற்றில் சாயாமல் வாசலில் தாங்கிக்கொண்டிருந்தன. எங்கள் முகாமில் வண்டி சாய்ந்தால் மன்னிப்பு உண்டு, பெயர்ப்பலகை சாய்ந்தால் கிடையாது.

ஸ்பிரிங்கை அடக்கும் கடைசி போல்ட்டை இறுக்கும்போது மணி நாலு. நாலு என்றால் எங்கள் ஊரில் யாரும் கருவியைத் தொடுவதில்லை; நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆளுக்கொரு கிளாஸுடன் உட்கார்ந்துவிடுவோம். ரஸ் என்ற பழைய லாரி டிரைவர், முட்டுக்கட்டை போடாமல் மாண்டுபோன ஒரு முட்டாளின் கதையை ஆரம்பித்தார். நாங்களும் உச்சுக்கொட்டிக் கேட்டோம்.

அந்த இடத்தில் சரிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. வண்டி ஒரு சத்தமும் போடாமல், நாமும் கதை கேட்கலாமே என்பதுபோல எங்களை நோக்கி வந்தது.

"டெல்மர்!" வண்டியின் சமையல் ஜன்னலிலிருந்து லோரேன் குரல். கையில் பீன்ஸ் மசியல் தட்டு. "இதையும் கவனிச்சுட்டுதான் இருக்கியா?"

கிளாஸ்களைக் காப்பாற்றினோம், நாற்காலிகளைக் காப்பாற்றவில்லை. நான்கு நாற்காலிகளை மென்று தின்றுவிட்டு வண்டி சரளைக் குவியலில் முட்டி நின்றது. டெல்மர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். லோரேன் நிதானமாக இறங்கி, தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் எங்களில் ஒருவரையும் அவர் கிட்டே சேர்க்கவில்லை. பெயர்ப்பலகையை மண்ணில் சாய்த்துவிட்டுக் கட்டைகளை உருவிச் சக்கரத்துக்குக் கொடுத்தார். ஒரு குழாய் விடாமல், ஒரு ரப்பர் விடாமல் மாற்றினார். சோப்புத் தண்ணீர் ஊற்றினார். நுரை வரவில்லை. "யோவ் டாக்டர், எப்படி இருக்கு?" என்று ரஸ் கேட்டதற்கு, "மாத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கிளம்பும் நாளில் லோரேன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வண்டிக் கதவருகே வந்து நின்றாள். எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டி இங்கேயே உக்காந்திருந்தா நான் எங்க உக்கார்றது?"

ஐஸ் பெட்டி பின்னால் பறந்தது. கார் கொக்கியில் ஏறியது. டெல்மர் இன்ஜினைக் கிளப்பி, காற்று நிறையும்வரை காத்திருந்து, பிரேக்கை விடுவித்து, வண்டியை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். உறுமியதே தவிர அசையவில்லை. வரிசையே வாயைப் பொத்திக்கொண்டது.

அவர் பிரேக்கைப் போட்டு, இறங்கி, சக்கரத்தடியிலிருந்து இரண்டு மஞ்சள் கட்டைகளையும் உருவினார். சட்டை முனையால் துடைத்தார். ஏறி, ஒன்றைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, மற்றதை லோரேன் மடியில் வைத்தார். அவள் அதற்கும் சேர்த்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.